மீறியவர்களே வைத்துக்கொண்ட பெயர்

போராட்டச் செய்திகளின் கடைசிப் பத்தி நமக்கெல்லாம் ஏறக்குறைய மனப்பாடம். தடை உத்தரவை மீறிக் கூடியது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்தது ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவு. இத்தனை பேர் கைது. மாலையில் கல்யாண மண்டபத்திலிருந்து விடுவிப்பு. ஊர் மாறும், கட்சி மாறும், இந்த வரிகள் மாறுவதில்லை.

இவற்றின் தாய்வீடு ஆங்கிலச் சட்டமொழி. பொது அமைதிக்குக் குந்தகம் என்பதற்குப் பின்னால் 'பிரீச் ஆஃப் தி பீஸ்' என்ற பழைய தொடர் இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தில் நாட்டின் அமைதி அரசனுக்குச் சொந்தம். ஒருவன் இன்னொருவனை அடித்தால் அடிபட்டவனோடு அரசனும் பாதிக்கப்பட்டவன். அவனுடைய அமைதி உடைந்துவிட்டது. அதே குடும்பத்தில் இன்னும் எத்தனையோ: 'பிரேக் தி லா', 'வயலேட் அன் ஆர்டர்', 'காண்ட்ரவீன் தி ரூல்ஸ்', 'டிஃபை தி கோர்ட்'. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் எந்த வினைக்கு எந்தப் பெயர் ஒட்டும் என்று இவற்றைச் சோடி சோடியாக உருப்போடுகிறார்கள். மெக்காலே 1837-இல் வரைவு எழுதி 1860-இல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டம் வழியாக இந்தக் கூட்டத்தில் பாதி நம் காவல் நிலையங்களுக்குள் வந்து உட்கார்ந்தது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுக் குணம் உண்டு. பேசுகிறவர் நாற்காலியில் இருக்கிறார், மீறியவர் கூண்டில் நிற்கிறார். பெயர் வைக்கும் உரிமை நாற்காலிக்கு. இதற்கு விலக்காக ஆங்கிலத்தில் ஒரே ஒரு சோடியைத்தான் எனக்குத் தெரியும்: 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்'. மீறியவர்களே தங்கள் செயலுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் அது. நாம் சட்டமறுப்பு என்கிறோம். அந்த இரண்டு சொற்கள் நடந்து வந்த பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பாதையில் நம்மவர் கால்தடம் நிறைய.

கதை அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு என்ற சிற்றூரில், 1846 ஜூலையில் தொடங்குகிறது. வால்டன் குளத்தங்கரையில் தானே கட்டிய குடிசையில் இருந்த ஹென்றி டேவிட் தோரோ, தைக்கக் கொடுத்திருந்த செருப்பை வாங்கிக்கொள்ள ஊருக்குள் வந்தார். சாம் ஸ்டேபிள்ஸ் வழிமறித்தார். வரி வசூலும் அவர்தான், சிறைக்காவலும் அவர்தான். பல ஆண்டுத் தலைவரி பாக்கி. அடிமை முறையைக் காக்கிற, மெக்சிகோ மீது படையெடுத்திருக்கிற அரசுக்கு வரி தரமாட்டேன் என்பது தோரோவின் நிலை. ஓர் இரவு சிறை. அன்று இரவே யாரோ வந்து பாக்கியைக் கட்டிவிட்டார்கள். அத்தை மரியாவாக இருக்கும் என்பது ஊர்ப்பேச்சு. காலையில் வெளியே விட்டபோது தோரோவுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, ஹக்கிள்பெரி பறிக்கப் போகும் கூட்டத்துக்கு வழிகாட்டக் கிளம்பினார்.

ஓர் இரவுதான். ஆனால் அவர் அதை விடவில்லை. 1848 தொடக்கத்தில் ஊர் மன்றத்தில் அதைப் பற்றிப் பேசினார். 1849-இல் எலிசபெத் பீபடி நடத்திய ஓர் இதழில் அது கட்டுரையாக வந்தது. அந்த இதழ் முதல் வெளியீட்டோடு நின்றும் போனது. அப்போது கட்டுரையின் தலைப்பு 'ரெசிஸ்டன்ஸ் டு சிவில் கவர்ன்மென்ட்', அதாவது குடிமை ஆட்சிக்கு எதிர்ப்பு. கல்லூரியில் தோரோ படித்த பாடநூல்களில் ஒன்று வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியாருடையது. ஆட்சிக்குப் பணிந்துபோவது கடமை என்று அதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. தோரோ அதைக் கட்டுரைக்குள் பெயர் சொல்லியே எடுத்து மறுக்கிறார். தலைப்பும் அதற்குப் பதில் போலவே இருக்கிறது.

தோரோ 1862-இல், 44 வயதில், காசநோயால் இறந்தார். 1866-இல் வந்த தொகுப்பு ஒன்றில் அதே கட்டுரை வேறு தலைப்போடு இருந்தது: 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்'. கட்டுரையின் உள்ளே தேடினால் இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் மறைந்து நான்கு ஆண்டு கழித்துத் தலைப்பாக மட்டும் வந்து ஒட்டிக்கொண்ட தொடர், அரை நூற்றாண்டுக்குள் உள்ளே இருந்த கட்டுரையையே தாண்டி ஓடிவிட்டது.

அது அடுத்து கரையேறிய இடம் தென்னாப்பிரிக்கா. டிரான்ஸ்வாலில் ஆசியர் ஒவ்வொருவரும் பத்து விரல் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் கூடிய இந்தியர்கள் அதற்குப் பணிவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். செயல் பிறந்துவிட்டது, பெயர்தான் இல்லை. கைவசம் இருந்தது 'பேசிவ் ரெசிஸ்டன்ஸ்'. இங்கிலாந்தில் 1902 கல்விச் சட்டத்தை எதிர்த்து வரி கட்ட மறுத்த கிறித்தவர்கள் பயன்படுத்திய தொடர் அது. காந்தியும் அதையே எடுத்துக்கொண்டார்.

ஜெர்மிஸ்டன் என்ற ஊரில் வெள்ளையர்கள் கூட்டம் ஒன்றில் பேச அவரை அழைத்திருந்தார்கள். தலைமை வில்லியம் ஹாஸ்கன். இந்தியர்கள் மேல் உண்மையான பரிவு உள்ளவர். அவர் எழுந்து அறிமுகம் செய்தார்: இவர்களுக்கு ஓட்டு இல்லை, ஆயுதம் இல்லை, எண்ணிக்கையும் இல்லை; பலவீனர்களின் ஆயுதமான பேசிவ் ரெசிஸ்டன்ஸைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அன்பாகச் சொன்ன சொல்தான். காந்திக்குச் சுருக்கென்றது. பேச வந்த பேச்சை விட்டுவிட்டு அந்தக் கருத்தையே மறுத்துப் பேசினார். தங்கள் பெயர் தங்களைப் பற்றிப் பொய் சொல்கிறது என்பது அவருக்கு அங்கே உறைத்தது. 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் புதுப்பெயருக்குப் போட்டி வைத்தார். மகன்லால் காந்தி அனுப்பிய 'சதாக்கிரகம்' திருத்தம் பெற்று 'சத்தியாகிரகம்' ஆனது.

1907-இல்தான் தோரோவின் கட்டுரை காந்தி கையில் இருந்தது. அதன் சுருக்கத்தை இதழில் வெளியிட்டார். தோரோவைப் படித்துத்தான் காந்தி போராடக் கற்றார் என்று பாடப்புத்தகங்கள் வரை எழுதிவிட்டார்கள். காந்தியே அதை மறுத்திருக்கிறார். இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த கோதண்ட ராவுக்கு 1935-இல் எழுதிய கடிதத்தில், அந்தக் கட்டுரை கிடைப்பதற்கு முன்பே எங்கள் போராட்டம் வெகுதூரம் போயிருந்தது, ஆங்கிலம் படிப்பவர்களுக்கு விளங்கவைக்க அந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன் என்ற பொருளில் சொல்கிறார். எனக்கு இந்தக் கடிதம் முக்கியம். எம்பயர் தியேட்டரில் கையுயர்த்திய கடைக்காரர்களும் கூடைக்காரர்களும் யாருடைய நூலையும் படித்துவிட்டு அங்கே வரவில்லை. செயல் அவர்களுடையது, கடன் வாங்கியது பெயரை மட்டும்.

வாங்கிய பெயரின் உள்ளே காந்தி ஒரு மாற்றம் செய்தார். முதல் தலைப்பில் 'சிவில்' என்றால் ஆட்சியைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் பண்பான, மரியாதையான என்ற பொருளும் உண்டு. காந்தி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். மறுப்பு 'சிவில்' ஆக வேண்டுமானால் அதில் உண்மை வேண்டும், மரியாதை வேண்டும், அடக்கம் வேண்டும், யார் மேலும் வெறுப்பு கூடாது, வீறாப்பு கூடாது என்று 'யங் இந்தியா'வில் எழுதினார். ஒளிந்து மீறுகிறவன் குற்றவாளி. பகலில், பெயர் சொல்லி, தண்டனையை எதிர்பார்த்து மீறுகிறவன் வேறு ஆள். தலைப்பில் இருந்த சின்ன அடைமொழி ஒழுக்க விதியாக ஆனது இப்படித்தான்.

அந்த விதியை உடம்பில் வாங்கிக்கொண்டவர்களில் தமிழர்கள் ஏராளம். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி வெளியில் முக்காலி இரும்புப் பானையில் 2,000-க்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைப் போட்டு, பாரஃபின் ஊற்றிக் கொளுத்தினார்கள். 1913-இல் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைக் கடப்பதே போராட்டம். ஒப்பந்தக் கூலி முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களை அரித்த வரி அது. எல்லை கடந்தவர்களில் ஒருவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. பெற்றோர் ஊரான தில்லையாடிதான் அவர் பெயரோடு நிலைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். படுக்கையில் கிடந்தவரிடம், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். இப்போது பிடித்தாலும் மறுபடி போவேன் என்பதே பதில். அவர் மீது எழுதப்பட்டிருந்த குற்றம் எல்லை மீறல்.

இந்தியாவில் அந்தத் தொடருக்கு நேருக்கு நேர் சந்திப்பு ஒன்று காத்திருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆவது பிரிவின் தலைப்பிலேயே 'டிஸ்ஒபீடியன்ஸ்' உண்டு: அரசு ஊழியர் முறையாகப் பிறப்பித்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை. 1917 ஏப்ரல் 18 அன்று பீகாரின் மோதிஹாரியில் காந்தி நின்றது இந்தப் பிரிவில்தான். அவுரி விவசாயிகளின் நிலையை விசாரிக்க வந்தவரை மாவட்டத்தை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு, போகவில்லை. வாதாடுவார் என்று அரசு வக்கீல் ஏற்பாடுகளோடு வந்திருந்தார். காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார். சட்டப்படியான அதிகாரத்தின் மேல் மரியாதைக் குறைவால் மீறவில்லை, அதைவிட மேலான மனச்சாட்சியின் சட்டத்துக்குப் பணிந்தேன் என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார். மாஜிஸ்திரேட்டுக்குத் தீர்ப்பு சொல்லவே வழியில்லாமல் போய்விட்டது. கொஞ்ச நாளில் மேலிருந்து உத்தரவு வந்து வழக்கைத் திரும்பப் பெற்றார்கள்.

188-இல் சாதாரண மீறலுக்கு அதிகபட்சம் ஒரு மாத வெறுங்காவல் அல்லது 200 ரூபாய் அபராதம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே குற்றம் பிரிவு 223. அதிகபட்சம் ஆறு மாதம். காலனி ஆட்சி ஒரு மாதம் போதும் என்று நினைத்த இடத்தில் சுதந்திர நாடு ஆறு மாதம் கேட்கிறது. இதைப் பற்றி இங்கே போதிய பேச்சு எழவில்லை என்பது என் வருத்தம்.

1930-இன் தண்டி யாத்திரை எல்லோருக்கும் தெரியும். வேதாரண்யத்தில்தான் இந்தத் தொடர் தமிழ் மண்ணில் என்னவாக ஆனது என்று பார்க்க முடிகிறது. ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம் வழியாக வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 150 மைல். தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் கெட்டிக்காரர். நடப்பவர்களைப் பிடித்தால் கூட்டம் பெருகும் என்று கணக்குப் போட்டு, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறை என்று துண்டறிக்கை விட்டார். விருந்தோம்பலே குற்றமானது. வழியில் இருந்தவர்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். தொண்டர்கள் இளைப்பாறும் இடத்தில் கையெட்டும் உயரத்தில் சோறு இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று போலீஸ் கேட்டால் மரத்தைத்தான் காட்ட வேண்டும். ஏப்ரல் 30 விடியலில் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பள்ளிய ராஜாஜிக்கு ஆறு மாதச் சிறை. வைரப்பன் என்ற நாவிதர், தான் சவரம் செய்துகொண்டிருப்பது போலீஸ்காரருக்கு என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிறைக்குப் போனதை வேதாரண்யத்தில் இன்றும் சொல்கிறார்கள். அவருக்கு அங்கே நினைவுத்தூண் உண்டு. அரசின் மேல் பக்தி என்று ஒன்று இருந்திருந்தால் அது செத்துவிட்டது என்ற கருத்தைத் தோர்ன் தன் அறிக்கையிலேயே எழுத வேண்டியிருந்தது.

தோரோ தனி ஆள். வரி கட்டாதது அவர் ஒருவருடைய மனச்சாட்சிக் கணக்கு. வைரப்பனும், சோறு கட்டித் தொங்கவிட்டவர்களும் செய்தது அந்தக் கான்கார்டு கட்டுரையில் எங்கும் இல்லாத ஒன்று. சட்டமறுப்பு தெருவில் போகிற எவரும் தன் தொழிலைக் கொண்டே செய்யக்கூடியதாக மாறியது இங்கேதான் என்பேன்.

தென்னாப்பிரிக்காவில் 1946-இல் டர்பன் இந்தியர்கள் நிலச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றார்கள். 1952 ஜூன் 26 அன்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் தென்னாப்பிரிக்க இந்திய காங்கிரஸும் சேர்ந்து இயக்கம் தொடங்கியபோது பெயரை மாற்றிக்கொண்டார்கள்: 'டிஃபையன்ஸ் கேம்பெய்ன்'. காந்தி கூடாது என்று விலக்கிய வீறாப்பை அவர்கள் பெயரிலேயே வைத்தார்கள். நிறவெறி அரசின் முன் பணிவுச் சொல் அவர்களுக்குப் போதவில்லை, அது நியாயமே. வெள்ளையருக்கு ஒதுக்கிய வாயில் வழியாக ரயில் நிலையத்துக்குள் நுழைவது போன்ற மீறல்களுக்காக 8,000-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அரசு 1953-இல் கொடுத்த பதில் ஒரு சட்டம்: எந்தச் சட்டத்தையும் எதிர்ப்பைக் காட்டுவதற்காக மீறினால் 300 பவுன் அபராதம், மூன்றாண்டுச் சிறை, பத்துக் கசையடி வரை. அதே வாயில் வழியாகத் தெரியாமல் நுழைந்தவனுக்குச் சிறு தண்டனை. ஏன் நுழைந்தேன் என்று சொல்லி நுழைந்தவனுக்குக் கசை.

இலங்கையில் 1961 பிப்ரவரியில் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரசு அலுவலகம்) வாசலில் சத்தியாகிரகத்தைத் தொடங்கியது. ஏப்ரல் 14 அன்று கட்சித் தலைவர் செல்வநாயகம் தமிழரசுத் தபால் சேவையைத் திறந்து, சொந்த முத்திரை விற்றார். தபால் அரசின் ஏகபோகம். அதை மீறக் கையில் ஓர் ஒட்டுத்தாள் போதும். மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். மூன்று நாளில் அவசரநிலை வந்தது, தலைவர்கள் காவலில் போனார்கள்.

இதற்கிடையில் அந்தச் சோடி பிறந்த நாட்டுக்கும் திரும்பியிருந்தது. அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் படிக்கும்போதே மார்ட்டின் லூதர் கிங் தோரோவைப் படித்திருந்தார், காந்தியைப் பிறகு. 1963 ஏப்ரல் 12, புனித வெள்ளி, அலபாமாவின் பர்மிங்ஹாமில் நீதிமன்றத் தடையை மீறி ஊர்வலம் போய்க் கைதானார். சிறையில் செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கிய கடிதத்தில், அநியாயச் சட்டத்தை மீறுகிறவர் வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்க ஆயத்தமாக மீற வேண்டும் என்று விளக்கினார். காந்தி ஏற்றிய பொருள்தான் அங்கே பேசுகிறது.

அந்த ஒரே ஊர்வலத்துக்கு நாற்காலி இரண்டு பெயர் வைத்தது. ஒன்று, அனுமதியின்றி ஊர்வலம் சென்றது. இன்னொன்று, நீதிமன்றத் தடையை மீறிய அவமதிப்பு. இரண்டும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. 1967-இல் அவமதிப்பு வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனை உறுதியானது. தடை தவறென்றால் மேல்முறையீடு செய்திருக்க வேண்டும், மீறியிருக்கக் கூடாது என்றார்கள். நோபல் பரிசு வாங்கியிருந்த கிங் நான்காண்டுக்கு முந்தைய ஊர்வலத்துக்காக அந்த அக்டோபர் இறுதியில் மறுபடி பர்மிங்ஹாம் சிறைக்குப் போனார். 1969-இல் மற்ற வழக்கில், அனுமதி கேட்கச் சொன்ன நகரச் சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம் என்று ஒருமனதாகத் தீர்ப்பு. எந்தச் சொல்லால் குறிக்கிறார்கள் என்பதில் ஒரு மனிதனின் சில நாட்கள் இருக்கின்றன.

1971-இல் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் தன் நீதி பற்றிய நூலில் இதற்கு இலக்கணம் எழுதினார்: பொதுவெளியில், வன்முறையின்றி, மனச்சாட்சிப்படி, சட்டத்தையோ கொள்கையையோ மாற்றும் நோக்கத்தோடு செய்யப்படும் சட்டமீறல். அதற்குப் பிறகு தொடர் பல்கலைக்கழகங்களில் குடியேறிவிட்டது. 2006-இல் நாற்காலியே அதை உச்சரித்தது. ஈராக் போரைத் தடுக்க ராணுவத் தளத்துக்குள் புகுந்தவர்களின் வழக்கில் பிரிட்டனின் ஹாஃப்மன் பிரபு, மனச்சாட்சிக்காகச் செய்யும் சட்டமறுப்புக்கு இந்த நாட்டில் நீண்ட, கௌரவமான வரலாறு உண்டு என்ற பொருள்படத் தீர்ப்பில் எழுதினார். மீறுகிறவர் அளவோடு மீறி தண்டனையை ஏற்பார். போலீஸும் நீதிமன்றமும் நிதானம் காட்டும். இருபுறமும் எழுதாத ஒப்பந்தம் இருக்கிறது என்றார். மேல்முறையீட்டில் தளத்துக்குள் புகுந்தவர்கள் தோற்றார்கள், ஆனாலும் வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதற்குத் தீர்ப்பில் இடம் இருந்தது.

அந்த இடம் இப்போது சுருங்குகிறது. பிரிட்டன் 2022-இல் 'பப்ளிக் நியூசன்ஸ்', அதாவது பொதுத்தொல்லை என்ற பழைய குற்றத்தைப் புதுச் சட்டத்தில் எழுதி, பத்தாண்டு வரை சிறை என்றது. லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையை மறிக்க இணையக் கூட்டத்தில் திட்டமிட்டதாகக் காலநிலைப் போராட்டக்காரர்கள் ஐந்து பேர் 2024 ஜூலையில் அந்தப் பெயரில் தண்டிக்கப்பட்டார்கள். ரோஜர் ஹாலமுக்கு ஐந்தாண்டு, மற்றவர்களுக்கு நான்கு. சாலையில் மாட்டிக்கொண்டவர்களின் துன்பம் உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மோதிஹாரி மாஜிஸ்திரேட் கேட்டுக்கொண்ட அந்த 'ஏன்' என்பதை இந்த வழக்கில் எதிர்வாதமாக ஜூரிகள் முன் வைக்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹாலமின் தண்டனையை நான்காண்டாகக் குறைத்தது. குற்றத்தின் பெயர் பொதுத்தொல்லையாகவே நின்றது.